மூக்கை ஒளித்த ஆகஸ்ட் மாதம்

போன வருடம் டொலீடோ நாரைகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நடுவில் புகுந்து ஓடாத எதிரணி கிடையாது. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நேரே நடுவில் நுழைந்தார்கள், அந்தப் பக்கமாக வெளியே வந்தார்கள், ஏதோ சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பது போல. தடுப்பு அணியின் பயிற்சியாளர் ஃப்ளாய்ட் பெரெக்கை முடிவெட்டும் கடையில்கூட யாரும் சும்மா விடவில்லை. "நடுவகிடு எடுத்துரட்டுமா கோச்? நடுவுல வழி விடறதுன்னா உங்களுக்குப் பிடிக்குமே" என்று கேட்டான் கத்தரி பிடித்தவன். காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஃப்ளாய்டும் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது?

இந்த வருடமும் இதே கூத்து நடந்தால் ஜனவரியில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று அணியின் மேலாளர் நாடீன் சலீபா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாடீனுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அப்பாவின் காய்கறிக் கடையில் வளர்ந்தவர். தராசில் வைக்காமலே எடை சொல்லிவிடுவார், ஆட்களையும் சேர்த்து.

ஜூன் மாதம் ஒரு மதியம் லக்ராஞ்ச் தெருவில் ஒரு போலிஷ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஃப்ளாய்ட் அவருக்குத் தன் புதுத் திட்டத்தை விளக்கினார். உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டைகள் ஐந்தைத் தட்டில் வரிசையாக நகர்த்தி வைத்தார். அவற்றுக்கு எதிரே ஊறப்போட்ட முழு வெள்ளரிக்காய் ஒன்றை நிறுத்தினார்.

"இந்த அஞ்சும் எதிராளியோட முன்வரிசை. பந்து வச்சிருக்கறவனுக்கு வழி பண்ணிக் குடுக்கறதுதான் இவங்க வேலை. இந்த வெள்ளரிக்காய் இருக்கே, இதுதான் நம்ம மூக்கு."

பந்துக்கு நேர் எதிரே முகத்தோடு முகம் வைத்துக் குனிந்து நிற்கிறவனுக்கு இந்த ஆட்டத்தில் மூக்கு என்றுதான் பெயர்.

"சரி, மூக்கு. அப்புறம்?"

"மூக்கு சாதாரண ஆளா இருந்தா அவனைத் தள்ள ஒருத்தன் போதும். மலை மாதிரி இருந்தா ரெண்டு பேர் வேணும். ரெண்டு பேர் இவன்கிட்ட மாட்டிக்கிட்டா மிச்சம் மூணே பேர்தான். அப்ப பின்னாடி நிக்கற என் சின்னப் பசங்க இருக்காங்களே, குதிரைக்குட்டிங்க, அவங்க இந்தச் சந்துல பூந்து பந்துக்காரனைப் புடிச்சுத் தூக்கிருவாங்க." வதக்கிய வெங்காயத் துண்டு ஒன்றை விரலால் சந்துக்குள் தள்ளிக் காட்டினார்.

நாடீன் ஒரு பியரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நாலுதான் இருக்கு. இப்ப?"

"இப்ப இன்னும் சுலபம்."

"வெள்ளரிக்காய் என்ன பண்ணும்?"

"ஒன்னும் பண்ணாது. நிக்கும். அதுதான் அதோட அழகு. ஓட மாட்டான், தாவ மாட்டான், அவன் பேரு பேப்பர்ல வராது. ஆனா அவன் நிக்கலைன்னா என் குதிரைக்குட்டிங்க எல்லாம் சட்னி."

"அப்படி ஒரு வெள்ளரிக்காய் உங்ககிட்ட இருக்கா ஃப்ளாய்ட்?"

"வெள்ளிக்கிழமை மிசிசிப்பியிலேருந்து பஸ்ல வருது."

அப்படி வந்து இறங்கியவன்தான் ஓட்டிஸ் பெல்ஃப்ளவர். வயது இருபத்தாறு, எடை முந்நூற்று அறுபத்தெட்டு பவுண்டு. சின்னக் கல்லூரி ஒன்றில் ஆடியவன். எந்த அணியும் சீந்தாததால் கிரீன்வில் ஊரில் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். முதல் நாள் பயிற்சியில் ஃப்ளாய்ட் அவன்மேல் இரண்டு தடியர்களை ஏவினார். இருவரும் முட்டினார்கள், முக்கினார்கள், புல்லில் நாலு பள்ளம் விழுந்தது. ஓட்டிஸ் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "மன்னிச்சுக்கங்க சார், மேல இடிச்சிட்டனா?" என்று அவர்களையே விசாரித்தான். ஃப்ளாய்டுக்கு அப்போதே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கை எட்டாது என்பதால் விட்டுவிட்டார்.

சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. கோடை முழுக்கத் தொண்ணூறு பேர் பயிற்சி செய்யலாம். ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குள் பட்டியல் ஐம்பத்துமூன்றாகச் சுருங்கி லீக்குக்குப் போய்விட வேண்டும். அந்த ஐம்பத்துமூன்றை நாடீன் எப்போதும் ஒரே மாதிரிதான் பிரிப்பார். தாக்குதல் அணிக்கு இருபத்தைந்து, தடுப்பு அணிக்கு இருபத்தைந்து, பந்தை உதைக்கிற வேலைக்கு மூன்று. இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பயிற்சியாளர்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் போட்ட கோடு அது, அதை யாரும் தாண்டியதில்லை.

ஃப்ளாய்டின் இருபத்தைந்தில் கனத்த ஆட்களுக்கு ஐந்து இடம். அந்த ஐந்திலும் உடைக்க முடியாத ஒப்பந்தத்தோடு ஐந்து பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பையன்கள்தான், ஆனால் மூக்குக்கு ஆகமாட்டார்கள். ஓட்டிஸை உள்ளே இழுக்க வேண்டுமானால் குதிரைக்குட்டி ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தால்கூடத் திட்டம் நொண்டும்.

அதனால் எல்லா அணிகளும் செய்கிற, எந்த அணியும் வெளியே சொல்லாத ஒன்றை ஃப்ளாய்டும் செய்யத் துணிந்தார். ஓட்டிஸை ஒளித்து வைப்பது. செவ்வாய்க்கிழமை அவனை வெட்டிவிடுவது. வெட்டியவனை ஒரு நாளுக்குள் வேறு எந்த அணியும் கேட்காவிட்டால் தங்கள் பயிற்சிக் குழுவிலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், தேவைப்படும் ஞாயிற்றுக்கிழமை மேலே தூக்கி ஆடவிடலாம். யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்காமல் இருக்க வேண்டுமானால் அவன் யார் கண்ணிலும் பட்டிருக்கக் கூடாது.

முந்நூற்று அறுபத்தெட்டு பவுண்டை ஒளிப்பது லேசான வேலையா? ஃப்ளாய்ட் ஒளித்தார். குதிகாலில் வலி என்று சொல்லி முதல் இரண்டு முன்னோட்ட ஆட்டங்களிலும் அவனை உட்கார வைத்தார். பத்திரிகைக்காரர்கள் வரும் நேரத்தில் பின்பக்க மைதானத்தில் பயிற்சி கொடுத்தார். கோடையில் ஆள் அதிகம், எண்கள் போதாது, அதனால் ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டுக்கொள்வது வழக்கம். தாக்குதல் அணியில் இதே போலப் பருத்த ஒருவனுக்கு இருந்த அறுபத்தேழாம் எண்ணையே ஓட்டிஸுக்கும் வாங்கி மாட்டினார். படம் போட்டுப் பார்க்கிற மற்ற அணி உளவாளிகள் எந்த அறுபத்தேழு எது என்று குழம்பட்டும் என்று கணக்கு. நாடீனின் அறைச் சுவரில் எல்லா ஆட்டக்காரர்களின் பெயரும் சின்னச் சின்னக் காந்தப் பட்டைகளாக ஒட்டியிருக்கும். ஓட்டிஸின் பட்டை மட்டும் மாதம் முழுக்க ஃப்ளாய்டின் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போட்ட சட்டையோடு ஒருமுறை இயந்திரத்துக்குள்ளும் போய் வந்தது.

ஓட்டிஸ் எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், குதிகால் வலிக்கிறதா என்று யாராவது கேட்டால் "கோச் வலிக்குதுன்னு சொன்னாரு சார்" என்றான். ஃப்ளாய்ட் அவனைத் தனியாக அழைத்து, இப்படியெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்று விளக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு தடவை அவன் ஒன்று கேட்டான். நெடுஞ்சாலையோரம், வாரக் கணக்கில் வாடகை வாங்கும் விடுதியில்தான் இந்த மாதிரி ஆட்களைத் தங்க வைப்பார்கள். ஃப்ளாய்ட் அவனை அங்கே இறக்கிவிட்டபோது, காரிலிருந்து வெளியே வந்து, குனிந்து, கண்ணாடி வழியாகக் கேட்டான்.

"கோச், என் வீட்டுல லவினியா தினமும் கேக்கறா. பாப்பாவோட தொட்டில் இருக்குங்களே, அதை லாரியில ஏத்தி இங்க அனுப்பட்டுமா, இல்ல அங்கயே இருக்கட்டுமான்னு."

"பாப்பாவுக்கு எத்தனை மாசம்?"

"நாலு. இன்னும் மூணு மாசம் போனா தொட்டில் பத்தாதுங்க. என்னை மாதிரி."

ஃப்ளாய்டுக்குச் சுருக்கென்றது. பயிற்சிக் குழுவில் இருப்பவனுக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டுமானாலும் சீட்டுக் கிழியலாம். அதை நம்பி யாரும் வீடு பிடிக்க முடியாது, யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள். ஐம்பத்துமூன்றில் இருப்பவன் கதை வேறு. இவனைத் திறந்து காட்டினால் வேறு ஏதாவது அணி அந்த ஐம்பத்துமூன்றில் இவனை வைத்துக்கொள்ளும். அது ஃப்ளாய்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஒளித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறு தம்பி" என்றார். காரை வேண்டியதைவிட வேகமாக எடுத்தார்.

கடைசி முன்னோட்ட ஆட்டம் சனிக்கிழமை மதியம், டொலீடோவிலேயே, ஓமஹா அணியோடு. நல்ல வெயில். மூன்றாம் பகுதி முடிவதற்குள் ஃப்ளாய்டின் கனத்த ஆட்கள் ஐந்து பேரில் ஒருவனுக்குக் கட்டைவிரல் போனது, இருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது, ஒருவன் வெயில் தாங்காமல் ஐஸ் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கிவிட்டான். மிச்சம் இருந்தவனுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சின் கோடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓட்டிஸைத் தவிர வேறு ஆள் இல்லை.

"கேட்டுக்கோ" என்றார் ஃப்ளாய்ட். "போய் நில்லு. சும்மா நில்லு. ஒன்னும் சாதிக்க வேண்டாம். முடிஞ்சதும் யாரு கண்ணுலயும் படாம வந்து ஒளிஞ்சுக்கோ. புரியுதா?"

"ஒளிஞ்சுக்கணும். சரிங்க கோச்."

ஓமஹா நான்கு முறை பந்தோடு முட்டிப் பார்த்தது. நான்கு முறையும் ஓட்டிஸ் நின்றான். ஐந்தாவது முறை ஓமஹாவின் மூன்றாவது பந்து எறியாளன், மீசை முளைக்காத ஒரு பையன், எறிவதற்காகக் கையை ஓங்கினான். ஃப்ளாய்டின் குதிரைக்குட்டி ஒன்று சந்தில் புகுந்து அவன் முழங்கையைத் தட்டியது. பந்து நேரே மேலே போய், நேரே கீழே வந்து, ஓட்டிஸின் வயிற்றுக்கும் கைக்கும் நடுவே பொத்தென்று உட்கார்ந்தது.

இந்த ஆட்டத்தில் பருத்த ஆட்களுக்குப் பத்து வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. பந்து தப்பித் தவறி உன் கையில் வந்தால் அதன்மேல் படுத்துவிடு. ஓடாதே, நீ ஓடினால் நழுவவிடுவாய். ஃப்ளாய்ட் கோட்டோரத்தில் எம்பி எம்பிக் குதித்தார். "படு! படுடா! ஓட்டிஸ், படு!"

ஓட்டிஸ் குனிந்து பந்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஓட ஆரம்பித்தான்.

எழுபத்தொரு கெஜம். அவன் ஓடிய நேரத்துக்கு ஒரு சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்திருக்கலாம். கூட்டம் முதலில் சிரித்தது, இருபதாவது கெஜத்தில் எழுந்து நின்றது, நாற்பதாவது கெஜத்தில் கூரை பறந்துவிடும் போலக் கத்தியது. மீசையில்லாத பையன் குறுக்கே வந்தான், எதிரே வருவதை நன்றாகப் பார்த்தான், ஏதோ வேலை ஞாபகம் வந்தவன் போல ஒதுங்கிக்கொண்டான். ஓமஹாவின் குட்டி ஆட்டக்காரன் ஒருவன் பின்னாலிருந்து தாவி அவன் முதுகில் தொற்றினான். அவனையும் சுமந்துகொண்டே கடைசிப் பத்து கெஜத்தையும் கடந்து ஓட்டிஸ் எல்லைக்கோட்டுக்குள் போனான். ஆறு புள்ளி. அங்கேயும் நிற்கவில்லை. அப்படியே நேராக, ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் சுரங்க வழிக்குள் ஓடி மறைந்தான். பந்து வேண்டும் என்று நடுவர் பின்னாலேயே போனார். முதுகில் தொற்றியிருந்தவன் வாசலில் குதித்துத் தப்பித்தான்.

ஃப்ளாய்ட் மூச்சிரைக்க உள்ளே போனபோது, ஓட்டிஸ் துணி மாற்றும் அறையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தூணின் இரண்டு பக்கமும் அவன் தெரிந்தான்.

"என்னடா பண்ணின?"

"முடிஞ்சதும் ஒளிஞ்சுக்கச் சொன்னீங்களே கோச். அதான்."

ஃப்ளாய்ட் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியே இன்னும் கூட்டம் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஓட்டத்தை நாடே பார்த்துவிட்டது. பின்னணியில் யானை பிளிறும் சத்தம் சேர்த்து ஒருவர், பள்ளிக்கூடக் குழந்தைகள் கைதட்டும் சத்தம் சேர்த்து ஒருவர் என்று ஆளுக்கு ஆள் போட்டார்கள். நாடீனுக்கு ஒன்பது அணிகளிலிருந்து தொலைபேசி வந்தது. எல்லோரும் வேறு எதையோ விசாரிப்பது போல ஆரம்பித்து, "ஆமா, அந்தப் பெரிய பையன் எப்படி?" என்று முடித்தார்கள். வெட்டினால் அடுத்த நிமிடம் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு ஃப்ளாய்ட் போனார். காந்தப் பலகைக்கு முன்னால் நாடீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் தாக்குதல் அணியின் பயிற்சியாளர் கர்ட்டிஸ் போமன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃப்ளாய்டுக்கும் கர்ட்டிஸுக்கும் பதினோரு வருடப் பழக்கம். ஃப்ளாய்ட் ஆசைப்படுகிற எதுவும் கர்ட்டிஸுக்கும் உடனே வேண்டியிருக்கும், அதுதான் அவர் சுபாவம். ஜன்னல் வைத்த கூட்ட அறை ஃப்ளாய்டுக்குப் பிடித்திருந்தது, இப்போது அது கர்ட்டிஸிடம் இருக்கிறது. ஃப்ளாய்ட் வீட்டிலிருந்து கொண்டுவந்த காபி இயந்திரமும் அங்கேதான் இருக்கிறது.

"ஒளிச்சு வைக்கிறேன் ஒளிச்சு வைக்கிறேன்னீங்க" என்றார் நாடீன். "நல்லா ஒளிச்சீங்க. என் பேரன் நேத்து அவனைப் பார்த்துட்டு ஹாலுக்குள்ள ஓடிக்காட்டறான். உங்களுக்கு இருபத்தஞ்சு, ஒன்னுகூட ஏறாது. ஒரு குதிரைக்குட்டியை வெட்டுங்க, இல்ல மூக்கை வெட்டுங்க. நாளைக்கு நாலு மணி."

"மேடம், ஒரே ஒரு இடம்..."

"இருபத்தஞ்சு."

கர்ட்டிஸ் சிரித்தார். "ஏன்யா ஃப்ளாய்ட் இப்படி அழுவுற? உனக்கு வேண்டாம்னா என்கிட்ட குடு. போன வருசம் எல்லைக்கோட்டுக்கு ரெண்டு கெஜத்துல ஒன்பது தடவை முக்கிட்டு நின்னோம். இவன் கையில பந்தைக் குடுத்தா செவுத்தை உடைச்சிட்டுப் போவான்." சும்மா வம்புக்குத்தான் சொன்னார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஃப்ளாய்ட் கணக்குப் போட்டார். பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அவன் எந்தப் பக்கம் ஆடுகிறான் என்று லீக் கேட்கப்போவதில்லை. ஓட்டிஸ் கர்ட்டிஸின் இருபத்தைந்தில் உட்கார்ந்தால்? எடுத்துக்கொள் என்ற வார்த்தை நுனிநாக்குவரை வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கினார். எடுத்துக்கொள் என்று சொன்னால் கர்ட்டிஸ் தொடக்கூட மாட்டார்.

"அவன் மேல கைய வச்சுப் பாரு!" என்று கத்தினார்.

கர்ட்டிஸின் கால் ஆடுவது நின்றது. "என்னய்யா சொன்ன?"

"அவன் தடுப்பு ஆளு! நான் கண்டுபிடிச்ச ஆளு! ரூமைக் குடுத்தேன், காபி மெஷினைக் குடுத்தேன். என் மூக்கைக் குடுக்க மாட்டேன்! அதுக்கு அவனை ஓமஹாவுக்கே தூக்கிக் குடுத்துருவேன்!" மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். பேனாக்கள் எகிறின.

"மேடம்" என்றார் கர்ட்டிஸ், நிமிர்ந்து உட்கார்ந்து. "எனக்கு அவன் வேணும். சீரியஸாவே சொல்றேன். என் கணக்குல எழுதிக்கங்க."

"உங்க கணக்குலயும் இருபத்தஞ்சுதான் கர்ட்டிஸ். யாரை வெட்டறீங்க?"

"ஆறாவதா ஒரு பந்து பிடிக்கிறவன் இருக்கான். அவனுக்கு டென்வர்லயும் ஓமஹாவிலயும் ஆள் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, நாளைக்கே இடம் கிடைச்சிரும்."

"இது அநியாயம்!" என்றார் ஃப்ளாய்ட். குரல் கொஞ்சம் உடைந்தே வந்தது. கர்ட்டிஸ் எழுந்து வந்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தார், துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி. பிறகு சீட்டியடித்துக்கொண்டே வெளியே போனார்.

கதவு சாத்தியதும் நாடீன் தன் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஃப்ளாய்ட்."

"மேடம்?"

"அந்த மேஜையைக் குத்தினது கொஞ்சம் ஓவர்."

"வலிக்குது மேடம்" என்றார் ஃப்ளாய்ட், கையை உதறிக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டக்காரர்களின் அறையில் ஈ பறந்தால் கேட்கும். அன்றைக்கு யாராவது ஒருவர் வந்து தோளைத் தொட்டு, "மேல வரச் சொல்றாங்க, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கோ" என்று சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஃப்ளாய்ட் உள்ளே நுழைந்ததும் முப்பது பேர் ஷூ கயிறு கட்டக் குனிந்தார்கள். ஓட்டிஸ் மட்டும் குனியவில்லை. பையைக் கட்டித் தயாராக வைத்து, ஆட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேல வா தம்பி. புத்தகம் இங்கயே இருக்கட்டும்."

தன் அறைக்கு வந்ததும் ஃப்ளாய்ட் கதவைச் சாத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து காந்தப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். சலவையில் ஓரம் வெளுத்துப் போயிருந்தது.

"ஐம்பத்துமூணுல நீ இருக்க."

ஓட்டிஸ் அந்தப் பட்டையைக் கையில் எடுத்தான். தன் பெயரை ஒருமுறை மெதுவாகப் படித்தான். அவன் உள்ளங்கையில் அது ஒரு தபால் தலை அளவுக்குத்தான் தெரிந்தது. அவன் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி ஃப்ளாய்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார், அந்த அறையில் ஜன்னல் இல்லை என்பதைத் திரும்பிய பிறகுதான் கவனித்தார்.

"உன் அதிர்ஷ்டம்டா" என்றார் சுவரைப் பார்த்து. "சனிக்கிழமை அந்தச் சத்தத்துல நான் கத்தினது உனக்குக் கேக்கல. கேட்டிருந்தா நீ படுத்திருப்ப. இந்நேரம் நீ பயிற்சிக் குழு."

திரும்பிப் பார்த்தார். ஓட்டிஸ் பட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"கேட்டுது கோச்."

"என்ன கேட்டுது?"

"படுன்னு சொன்னது. அத்தனை பேர் சத்தத்துலயும் முதல்ல உங்க குரல்தான் காதுல விழுந்துது. மூணு தடவை சொன்னீங்க."

ஃப்ளாய்ட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கோபப்படாதீங்க கோச். இல்லாத குதிகால் வலி, பின்பக்க மைதானம், ரெண்டு பேருக்கு ஒரே நம்பர். மொதல்ல எனக்குப் புரியலைங்க. லவினியாதான் போன்ல சொன்னா. ஒளிச்சு வைக்கிறாங்கன்னா ஏதோ விலையுள்ள பொருள்தாங்க நீங்க, வேண்டாத சாமானை யாராவது பூட்டி வைப்பாங்களான்னா. அப்புறம் நீங்களே சொல்லிக் குடுத்தீங்களே, ரெண்டு பேர் மேல வந்து விழுந்தா அவங்களோட மல்லுக்கட்டாத, நில்லு, எங்கயாவது ஒரு சந்து திறக்கும்னு. நின்னேன். பந்து வந்து விழுந்துது. பார்த்தேன், முன்னாடி எழுபது கெஜம் காலியா இருந்துச்சு."

"அப்ப தூணுக்குப் பின்னாடி நின்னது?"

"அது உங்ககிட்ட திட்டு வாங்கப் பயந்துக்கிட்டுங்க. நிஜமாவே."

ஃப்ளாய்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வெட்கமும் வந்தது, அது சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள, நான்கு மாதக் குழந்தையின் தகப்பனை ஒரு மாதம் முழுக்கத் துண்டுக்கு அடியில் உட்கார வைத்திருந்தார். அவனுக்குப் புரியாது என்று நம்பிக்கொண்டு வேறு.

"நான் பண்ணினது சரியில்ல ஓட்டிஸ்" என்றார். "நல்லதுக்குத்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். உன்கிட்ட கேட்டிருக்கணும். மன்னிச்சிரு."

"சரிங்க கோச்." பட்டையை மேஜையில் வைத்தான். "அப்ப தொட்டில்?"

"ஏத்தச் சொல்லு. இப்பவே போன் போடு."

"லாரி வேண்டாங்க. வேற யாராவது ஏத்தினா கால் உடைச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை லீவு குடுத்தீங்கன்னா நானே போய்த் தூக்கிட்டு வந்துருவேன்."

நாலு மணிக்குப் பட்டியல் போனது. நாலு அடித்து ஒரு நிமிடத்தில் நாடீனின் அறையில், தாக்குதல் அணிப் பக்கம் கடைசி வரிசையில் ஒட்டியிருந்த வெளுத்த பட்டையை ஓட்டிஸே பிய்த்து எடுத்தான். தடுப்பு அணிப் பக்கத்தின் நட்டநடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். பலகையே கொஞ்சம் ஆடியது.

கர்ட்டிஸ் போமன் அப்போதுதான் கையில் காபியோடு உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார், ஃப்ளாய்டைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"யோவ், அது என் ஆளுய்யா!"

"ரெண்டு கெஜத்துக்குள்ள வந்தா கூப்பிடு, அனுப்பி வைக்கிறேன்" என்றார் ஃப்ளாய்ட். கர்ட்டிஸ் கையிலிருந்த காபிக் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். அது ஃப்ளாய்டின் இயந்திரத்தில் போட்ட காபிதான்.